அடைக்கலம் என்னும் அரைநீதி: ஹான்ஸ் ஃபல்லடாவின் வாழ்வும் அவர் எழுதிய பூட்டிய அறையும்

ஹிட்லரின் ஆட்சிக்காலத்தில் யூதர்களைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்த சாதாரண ஜெர்மானியர்களைப் பற்றி எத்தனையோ நாவல்களும் திரைப்படங்களும் வந்துவிட்டன. அவற்றுள் பல, நாஜி ஆட்சி வீழ்ந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னர், அச்சம் நீங்கிய காலத்தில் படைக்கப்பட்டவை. அந்த ஆட்சியின் கீழேயே பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர், பெர்லின் நகரம் இடிபாடுகளாய்க் கிடந்தபோதே எழுதிய நாவல் ஒன்று உண்டு. 1947இல் வெளிவந்த 'ஒவ்வொருவரும் தனியாகவே சாகிறார்கள்' என்னும் அந்நாவலை எழுதியவர் ஹான்ஸ் ஃபல்லடா. அதில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் யூத மூதாட்டி ஒருவருக்குத் தம் இல்லத்தில் அடைக்கலம் தருகிறார். அந்த அடைக்கலம் சில நாள்கள்கூட நீடிக்காமல் தோற்றுப்போகிறது.

அது ஏன் தோற்றது என்பதே இக்கட்டுரையின் வினா. விடை காண, நாவலை எழுதியவரின் வாழ்வை முதலில் அறிய வேண்டும். அது வீரனின் வாழ்வு அன்று. அஞ்சியும், வளைந்தும், சில வேளை வெட்கத்துக்குரிய உடன்படிக்கைகளைச் செய்துகொண்டும் உயிர்பிழைத்த ஒருவரின் வாழ்வு.

நீதிபதியின் மகன்

ஃபல்லடாவின் இயற்பெயர் ருடால்ஃப் டிட்சன். 1893 ஜூலை 21 அன்று வட ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகரில் பிறந்தார். தந்தை வில்ஹெல்ம் டிட்சன் ஒரு நீதிபதி. படிப்படியாகப் பதவி உயர்ந்து, 1909இல் லைப்சிக் நகரில் இருந்த பேரரசின் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தார். சட்டமும் ஒழுங்கும் குடும்ப மரியாதையும் ஆட்சி செய்த வீட்டில், நோய்களாலும் விபத்தாலும் நலிந்த சிறுவனாக ருடால்ஃப் வளர்ந்தார்.

1911இல், பதினெட்டு வயதில், ருடோல்ஸ்டாட் என்னும் ஊரில் பள்ளித் தோழன் ஒருவனுடன் சேர்ந்து உயிரை மாய்த்துக்கொள்ளத் திட்டமிட்டார். தற்கொலை குடும்பத்துக்கு இழுக்கு என்பதால் அதை இருவரும் துப்பாக்கிச் சண்டையாக அமைத்துக்கொண்டனர். தோழன் இறந்தான். ருடால்ஃப் தம்மையே சுட்டுக்கொண்டும் பிழைத்துவிட்டார். உச்ச நீதிமன்ற நீதிபதியின் மகன் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. செயலுக்குப் பொறுப்பேற்கும் மனநிலையில் அவர் இல்லை என்று முடிவாகி, வழக்கு விசாரணை இன்றி மனநல விடுதிக்கு அனுப்பப்பட்டார். சட்டம் ஒரு மனிதரை எப்படி விடுவிக்கும், அதே கையால் எப்படி அடைத்துவைக்கும் என்பதை அவர் அந்த வயதிலேயே அறிந்துகொண்டார்.

பின்னர்ப் பண்ணைகளில் வேலை பழகினார். மார்ஃபினுக்கும் மதுவுக்கும் அடிமையானார். 1920இல் முதல் நாவல் வந்தபோது, குடும்பப் பெயருக்குக் களங்கம் வரக்கூடாது என்று தந்தை விரும்பியதால் புனைபெயர் சூட்டிக்கொண்டார். அப்பெயர் கிரிம் சகோதரர்கள் தொகுத்த நாட்டார் கதைகளிலிருந்து எடுத்தது. ஃபலடா என்பது ஒரு கதையில் வரும் குதிரை. அதன் தலையை வெட்டி நகர வாயிலில் அறைந்த பின்னரும் அது உண்மையைப் பேசிக்கொண்டே இருக்கும்.

சிறையும் புகழும்

போதைக்குப் பணம் வேண்டியிருந்தது. வேலை பார்த்த பண்ணைகளின் பணத்தைக் கையாடல் செய்து இருமுறை சிறை சென்றார். 1924இல் பிறந்த ஊரான கிரைஃப்ஸ்வால்டில் சில மாதங்கள். அடுத்து 1926 முதல் 1928 வரை நொய்மூன்ஸ்டர் சிறையில். அச்சிறையிலிருந்து வெளிவந்த பிறகுதான் ஹாம்பர்க்கில் அன்னா இசல் என்னும் உழைக்கும் வர்க்கப் பெண்ணைச் சந்தித்து, 1929இல் மணந்தார். நொய்மூன்ஸ்டரில் சிறு செய்தித்தாள் ஒன்றில் விளம்பரம் திரட்டும் வேலையும் செய்தி எழுதும் வேலையும் கிடைத்தன. கடன்பட்ட உழவர்களின் கிளர்ச்சி தொடர்பான நீதிமன்ற விசாரணையை அங்கிருந்து நேரில் பார்த்து எழுதினார். அந்த அனுபவமே 1931இல் வந்த நாவலுக்கு அடித்தளமாயிற்று.

1932இல் 'சின்ன மனிதா, இனி என்ன?' வெளிவந்தது. பொருளாதார நெருக்கடியில் வேலையை இழக்கும் ஒரு துணிக்கடை விற்பனையாளனும் அவன் மனைவியும் மானத்தோடு வாழப் படும் பாடே கதை. ஜெர்மனியின் இலட்சக்கணக்கான வேலையற்றோர் தம்மை அதில் கண்டனர். நாவல் பல மொழிகளுக்குச் சென்றது, ஹாலிவுட்டில் படமாகவும் ஆனது. மனநல விடுதியிலும் சிறையிலும் கழிந்த இளமை, நாற்பதை நெருங்கும் வயதில் உலகப் புகழாக மாறியது.

புகழ் வந்த சில மாதங்களில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்.

வளைந்த ஆண்டுகள்

1933 ஏப்ரலில், பெர்லினுக்கு அருகே பெர்கன்ப்ரூக் என்னும் ஊரில் குடியிருந்த ஃபல்லடாவை நாஜிப் படையினர் பிடித்துச் சென்றனர். அவர் குடியிருந்த வீட்டின் உரிமையாளர்களே காட்டிக்கொடுத்திருந்தனர். வந்த விருந்தினர் ஒருவருடன் பேசிய பேச்சு, அரசுக்கு எதிரான சதியாகத் திரிக்கப்பட்டது. பதினொரு நாள்கள் காவலில் இருந்து, வழக்கறிஞரின் முயற்சியால் வெளிவந்தார். ஒரு கொடுங்கோல் ஆட்சி காவல்துறையால் மட்டும் நடப்பதில்லை, அடுத்த வீட்டுக் கதவிடுக்கில் ஒட்டுக்கேட்கும் காதுகளாலும் நடக்கிறது என்பதை அவர் நேரில் அனுபவித்தார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து எழுதிய நாவலின் மாடிப்படிகளில் அந்தக் காதுகளை மீண்டும் காண்கிறோம்.

அவ்வாண்டே மெக்லன்பர்க் பகுதியில் ஏரிக்கரைச் சிற்றூரான கார்விட்ஸில் சிறு பண்ணை ஒன்றை வாங்கி ஒதுங்கினார். ஒதுங்கியவரை ஆட்சி விட்டுவிடவில்லை. சிறைக் கைதியின் வாழ்வைச் சொல்லும் நாவலை 1934இல் வெளியிட்டபோது, புதிய ஆட்சிக்கு இணக்கமான முன்னுரை ஒன்றைச் சேர்த்தார். 1935இல் விரும்பத்தகாத எழுத்தாளர் என்று அறிவிக்கப்பட்டார். அந்த ஆணை விரைவில் விலக்கிக்கொள்ளப்பட்டாலும் அச்சம் நீங்கவில்லை. 1938இல் 'இரும்பு குஸ்டாவ்' நாவலைக் கோயபல்ஸ் அமைச்சகத்தின் வற்புறுத்தலால் நாஜிகளின் எழுச்சி வரை நீட்டி எழுதினார். அவருடைய தொடக்ககால நூல்களை வளர்த்தெடுத்த யூதப் பதிப்பாசிரியர் பால் மேயர் நாடு விட்டு வெளியேற நேர்ந்தது. பதிப்பாளர் எர்ன்ஸ்ட் ரோவோல்ட் 1938இல் தொழில் செய்யும் உரிமையை இழந்தார்.

அதே ஆண்டு, இங்கிலாந்துப் பதிப்பாளர் ஒருவர் ஃபல்லடாவும் குடும்பமும் வெளியேற ஏற்பாடு செய்தார். பெட்டிகள் கட்டப்பட்டன. கடைசி நேரத்தில் ஃபல்லடா போக மறுத்துவிட்டார். மண்ணையும் மொழியையும் விட்டு அவரால் எழுத முடியும் என்று தோன்றவில்லை. வெளியேறும் கதவு அவருக்குத் திறந்திருந்தது, மூடியவர் அவரே. ஜெர்மானிய யூதர்கள் பலருக்கு அத்தகைய கதவு இருக்கவில்லை என்பதை மறந்து இந்த முடிவை எடைபோட முடியாது.

அவர் வாழ்வின் மிகக் கறைபடிந்த பக்கம் இதற்குப் பின் வருகிறது. வைமர் காலத்தில் வங்கி மோசடி வழக்கில் சிக்கிய குட்டிஸ்கர் என்னும் யூத வணிகரை வைத்து யூத எதிர்ப்பு நாவல் ஒன்றை எழுதித் தருமாறு பரப்புரை அமைச்சகம் பணித்தது. அவர் ஒப்புக்கொண்டார். 1944இல் மணவிலக்குக்குப் பின் முன்னாள் மனைவியுடன் நேர்ந்த சண்டையில் துப்பாக்கி வெடித்ததால், குற்றம் புரிந்த மனநோயாளிகளை அடைக்கும் நிலையத்தில் அடைபட்டார். அங்கே அந்த யூத எதிர்ப்பு நாவலைக் காரணம் காட்டித் தாள் பெற்றார். பெற்ற தாளில், பிறர் படிக்கவியலாத நுண்ணெழுத்தில், 'குடிகாரன்' என்னும் நாவலையும் நாஜி ஆட்சியைப் பழிக்கும் நினைவுக் குறிப்புகளையும் எழுதினார். கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் தலை போயிருக்கும். ஆட்சியை வெறுத்த அதே குறிப்புகளில், யூதர்களைப் பற்றி அக்கால நடுத்தர வர்க்கம் கொண்டிருந்த முன்முடிவுகளின் தடமும் உண்டு. யூத எதிர்ப்பு நாவல் வெளிவரவே இல்லை. ஆயினும் அதற்கு அவர் உடன்பட்டார் என்பது மாறாது.

கோப்பிலிருந்து நாவலுக்கு

1945இல் செம்படை அப்பகுதிக்குள் நுழைந்தபோது ஃபல்லடா ஃபெல்ட்பெர்க் என்னும் சிற்றூரின் மேயராக அமர்த்தப்பட்டார். சில மாதங்களில் உடல் நொறுங்கி, இரண்டாம் மனைவியுடன் பெர்லின் வந்து சேர்ந்தார். அங்கே கவிஞர் யோஹானஸ் பெக்கர் ஒரு கெஸ்டபோ கோப்பை அவர் கையில் தந்தார்.

அது ஓட்டோ ஹாம்பல், எலிசே ஹாம்பல் என்னும் தொழிலாளர் குடும்பத் தம்பதியின் வழக்குக் கோப்பு. 1940இல் எலிசேயின் சகோதரர் போர்முனையில் இறந்தார். அதன்பின் இருவரும் ஹிட்லருக்கு எதிராகக் கையால் எழுதிய 200க்கும் மேற்பட்ட அஞ்சல் அட்டைகளைப் பெர்லினின் மாடிப்படிகளில் வைத்துச் சென்றனர். கண்டெடுத்தவர்கள் பெரும்பாலானவற்றை உடனே காவல்துறையிடம் ஒப்படைத்தனர். 1942இல் பிடிபட்ட இருவரும் மக்கள் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டு, 1943 ஏப்ரல் 8 அன்று ப்ளோட்சன்சே சிறையில் தலை வெட்டிக் கொல்லப்பட்டனர்.

இதை நாவலாக்க ஃபல்லடா முதலில் தயங்கினார். வெள்ளத்தோடு போன தாம், எதிர்நீச்சல் அடித்தவர்களைப் பற்றி எழுதித் தம்மை உயர்த்திக் காட்டிக்கொள்வதா என்ற கூச்சம் அவருக்கு இருந்தது. பின்னர் 1946 இலையுதிர் காலத்தில், 24 நாள்களில் எழுதி முடித்தார். நூல் அச்சாகி வருவதைக் காணாமலே 1947 பிப்ரவரி 5 அன்று, 53 வயதில் இறந்தார்.

நாவலில் ஹாம்பல் தம்பதி குவாங்கல் தம்பதியாகின்றனர், இறப்பவர் அவர்களின் ஒரே மகனாகிறார். இவற்றோடு, அஞ்சல் அட்டை வழக்குக்கு வெளியே, ஃபல்லடா தம் கற்பனையிலிருந்து இருவரைச் சேர்த்தார். ஒருவர் அதே அடுக்குமாடிக் கட்டடத்தில் வாழும் யூத மூதாட்டி ரோசந்தால். மற்றவர் கீழ்த்தளத்தில் வாழும் ஓய்வுபெற்ற நீதிபதி ஃப்ரோம்.

பூட்டிய அறை

கதை தொடங்குவது 1940 கோடையில், பிரான்ஸ் வீழ்ந்த நாள்களில். ரோசந்தால் அம்மையாரின் கணவரைக் கெஸ்டபோ கொண்டுபோய்விட்டது. மேல்மாடியில் தனியே வாழும் அவருடைய வீட்டுத் துணிமணிகள் மீது கட்டடத்தில் பலருக்கும் கண். முதல் மாடியில் குடியிருக்கும் பெர்சிக்கே குடும்பம் நாஜிக் கட்சியின் செல்வாக்கில் திளைப்பது. பின்கட்டில் வாழும் ஒற்றன் ஒருவன் திருடத் துடிப்பவன். அச்சத்தில் அம்மையார் குவாங்கல் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். அன்னா குவாங்கல் உள்ளே அழைத்துக்கொள்கிறார். அவர் கணவரோ தொடர்ந்து தங்கவைக்க உடன்படவில்லை. அப்போதுதான் நீதிபதி முன்வந்து அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார்.

ஃப்ரோம் இளகிய மனத்தவராகப் பெயர் எடுத்தவர் அல்லர். பதவியில் இருந்தபோது கடுமையான தண்டனைகளுக்காக மக்கள் அஞ்சிய நீதிபதி. எந்த ஆட்சிக்கும் தாம் பணியாள் இல்லை, நீதி ஒன்றுக்கே பணியாள் என்பது அவர் வாழ்க்கை நெறி. இறந்துபோன மகளின் அறையை மூதாட்டிக்குத் திறந்து தருகிறார். உணவு தருகிறார், மரியாதை குறையாமல் நடத்துகிறார். கூடவே விதிகளும் வருகின்றன. அறையை விட்டு வெளியே வரக்கூடாது. சன்னலை அணுகக்கூடாது. ஓசை எழுப்பக்கூடாது. அவை ஒவ்வொன்றும் அவர் உயிரைக் காக்கத் தேவையான விதிகளே. ஆயினும் படிக்கும்போது ஒரு சிறையின் ஒழுங்குமுறை நம் கண்முன் எழுகிறது. உச்ச நீதிமன்ற நீதிபதியின் வீட்டில் வளர்ந்து, மனநல விடுதியிலும் சிறையிலும் அடைபட்ட ஒருவரே இப்படியொரு அறையை எழுத முடியும்.

மூதாட்டியால் தாங்க முடியவில்லை. கணவரைப் பற்றிய கவலை அவரைத் தின்கிறது. கணவர் திரும்பி வந்தால் தம்மைத் தேடுவாரே என்று எண்ணி மேல்மாடியில் உள்ள தம் வீட்டுக்கே ஏறிப்போகிறார். அங்கே அகப்பட்டுக்கொள்கிறார். கெஸ்டபோவின் பிடியில், சன்னல் வழியே கீழே விழுந்து மாள்கிறார்.

அவர் பொறுமையாக இருந்திருக்கலாமே என்று சொல்வது எளிது. நாவல் அப்படிச் சொல்லவில்லை. அவரிடமிருந்து பறிக்கப்பட்டவை எவை என்று அக்காலச் சட்டங்களைப் புரட்டினால் தெரியும். 1935இன் நியூரம்பெர்க் சட்டங்கள் குடியுரிமையைப் பறித்தன. 1938 ஆகஸ்ட் ஆணை, அரசு பட்டியலிட்ட யூதப் பெயர்களுள் ஒன்றைக் கொண்டிராத யூதப் பெண்கள் தம் பெயரோடு சாரா என்று சேர்த்துக்கொள்ளக் கட்டாயப்படுத்தியது. 1939 ஏப்ரல் 30 சட்டம் யூத வாடகைதாரர்களுக்கு இருந்த குடியிருப்புப் பாதுகாப்பை நீக்கியது. போர் தொடங்கியதும் வானொலிப் பெட்டிகள் பறிமுதலாயின, பங்கீட்டு அட்டையில் யூதர் என்ற முத்திரை விழுந்தது. 1943 ஜூலையில் வந்த ஆணை, யூதர் மீதான குற்றச்சாட்டுகளை நீதிமன்றத்திடமிருந்து எடுத்துக் காவல்துறையிடமே ஒப்படைத்தது. பெயர், குடியிருப்பு, உணவு, நீதிமன்ற வாயில் என ஒவ்வொன்றும் முறையாக அச்சிட்ட அரசிதழ் வழியாகவே பறிக்கப்பட்டது.

இத்தனையையும் ஓர் அறை ஈடு செய்யுமா? ஃப்ரோம் தரக்கூடியதெல்லாம் தம் சொந்த நற்பண்பு. அவர் நற்பண்பை நம்பி மூதாட்டி வாழலாம், ஆனால் அவரிடம் எதையும் உரிமையாகக் கோர முடியாது. அடைக்கலம் பெற்றவர் நன்றி சொல்லவும் பணியவும் கடமைப்பட்டவராகிறார். எப்போது உண்பது, எங்கே நிற்பது, யாருக்காகக் கவலைப்படுவது என்பதையும் காப்பவரே வகுக்கிறார். குடிமகளாய், கடை நடத்தியவராய், மனைவியாய் இருந்த ஒருவர் பிறரின் பொறுப்பில் உள்ள பொருளாகிவிடுகிறார். ரோசந்தால் அம்மையார் மாடிப்படி ஏறியது அறிவீனத்தால் அன்று. தம் வீடு தம்முடையது என்று அவர் இன்னும் நம்பினார்.

சட்டத்தைத் தொழிலாகக் கொண்டோர் இங்கே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு நீதிபதி 1940இல் ஒரு யூதப் பெண்ணைத் தம் மகளின் அறையில் ஒளித்துவைக்கும் நிலை எப்படி வந்தது? 1933 ஏப்ரல் 7 அன்று வந்த சட்டங்கள் யூத நீதிபதிகளையும் அரசு ஊழியர்களையும் பணியிலிருந்து நீக்கின, யூத வழக்கறிஞர்கள் பலரின் தொழில் உரிமையைப் பறித்தன. அப்போது ஜெர்மானிய நீதிபதிகளின் சங்கம் புதிய ஆட்சிக்கு ஆதரவு தெரிவித்து, அவ்வாண்டே நாஜிச் சட்டத்துறையினர் அமைப்புக்குள் கரைந்துபோனது. நீதிமன்றத்தின் கதவு அன்று திறந்தே இருந்திருந்தால், ஏழு ஆண்டுகளுக்குப் பின் நீதிபதியின் வீட்டுப் பின்னறை தேவைப்பட்டிருக்காது. பதவியில் உள்ளவர்கள் பொதுவெளியில் செய்யத் தவறியதைத் தனிவாழ்வில் இரக்கமாகச் செய்து ஈடுகட்ட முயல்வது, செய்யாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அது நீதியின் ஒரு பாதியே.

ஃபல்லடா ஃப்ரோமை இகழவில்லை. நாவலின் இறுதியில், மரண தண்டனை பெற்ற குவாங்கல் தம்பதிக்கு நஞ்சுக் குப்பிகளைச் சேர்ப்பிப்பவரும் அவரே. வாழ வழி தர முடியாத நீதிபதி, சாவில் கொஞ்சம் மானத்தைத் தர முனைகிறார். ஆட்சியின் மக்கள் நீதிமன்றமோ வெறிக் கூச்சலிடும் தலைமை நீதிபதியோடு அதே பக்கங்களில் வருகிறது. நல்ல தனிமனிதர் இருப்பதும் நீதி அமைப்பு அழுகிப்போவதும் ஒரே காலத்தில் நிகழக்கூடும் என்பதை இவ்விரண்டு நீதிபதிகளின் வழியாக அவர் காட்டினார்.

தப்பியவர்களும் திருத்தப்பட்டவையும்

நாவலுக்கு வெளியே, உண்மையான பெர்லினில், ஏறத்தாழ 7,000 யூதர்கள் தலைமறைவாயினர் என்றும், அவர்களில் சுமார் 1,700 பேர் உயிர்தப்பினர் என்றும் மதிப்பிடப்படுகிறது. யூதர்களோடு நட்புப் பாராட்டும் ஜெர்மானியரைக் காவலில் வைக்க 1941 அக்டோபரில் ஆணை வந்தது. அதையும் மீறி உதவியவர்கள் இருந்தனர். தூரிகைப் பட்டறை நடத்திய, பார்வையற்ற ஓட்டோ வைட் தம் யூதத் தொழிலாளர்களைக் காக்கப் போராடினார், ஒரு குடும்பத்தை அலமாரிக்குப் பின்னிருந்த அறையில் மறைத்து வைத்தார். தப்பிப் பிழைத்தவர் ஒருவருக்குப் பின்னால் பெரும்பாலும் உதவியோர் பலர் இருந்தனர். உணவு தந்தவர் ஒருவர், போலி ஆவணம் செய்தவர் இன்னொருவர், தெரிந்தும் வாய் திறக்காத அண்டை வீட்டார் மற்றொருவர். ஃபல்லடாவின் கட்டடத்தில் இந்தப் பலர் இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே நல்லவர்களாய் இருந்தனர், ஒருவரோடொருவர் சேரவில்லை. நூலின் தலைப்பே அதைத்தான் சொல்கிறது.

மேலும் ஒன்று. 1947இல் பதிப்பகம் நாவலைத் திருத்தியே வெளியிட்டது. எதிர்த்து நின்ற தம்பதி தொடக்கத்தில் ஆட்சிக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தனர் என்பதைக் காட்டும் பகுதிகள் மழுக்கப்பட்டன. புதிய நாட்டுக்குக் கறையற்ற நாயகர்கள் தேவைப்பட்டனர். ஃபல்லடா எழுதியவாறே முழுமையாக ஜெர்மன் மொழியில் வெளிவந்தது 2011இல்தான். தாமே கறைபட்டிருந்ததால், கறைபட்டவர்களும் எதிர்த்து நிற்க முடியும் என்பதை அவர் அறிந்திருந்தார். அதை மறைக்காமல் எழுதியிருந்தார்.

அவருடைய உடல் இன்று கார்விட்ஸ் சிற்றூரில் துயில்கிறது. அவர் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாகியுள்ளது. காப்பாற்றியவர்களைப் போற்றும் கதைகளை நாம் படிக்கும்போது, காப்பாற்றப்பட்டவர் பக்கம் திரும்பி, அவருக்கு அந்த அறை தேவைப்படும் நிலையை உருவாக்கியவர்கள் யார், அப்போது நீதிமன்றங்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்றும் கேட்க வேண்டும். ரோசந்தால் அம்மையாரைக் கற்பனை செய்த எழுத்தாளர் அந்தக் கேள்வியை நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்.